லினக்ஸ் போட்டேன், திரை கறுத்துப் போச்சு!

(கணினி கேள்வி – பதில்)

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றதிலிருந்து நம் பகுதிக்கு வரும் கடிதங்களின் முகமே மாறிவிட்டது. முன்பெல்லாம் வைரஸ், மறந்துபோன பாஸ்வேர்ட், மை உறைந்த பிரிண்டர் என்று வரும். இப்போது "பழைய கணினியைத் தூக்கிப் போட மனசில்லாமல் லினக்ஸ் போட்டேன், எல்லாம் நன்றாக இருக்கிறது, திரை மட்டும்தான்..." என்று தொடங்குகிற கடிதங்கள்தான் அதிகம். அந்தக் கட்டிலிருந்து சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். (லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இயங்குதளம்; கீழே வரும் உபுண்டு, மின்ட், டெபியன் எல்லாம் அதன் வகைகள்.) கட்டளைகளை உச்சரிப்புக்காகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள், நான் வேறு மாதிரி சொன்னால் ஒழிய எல்லாம் சிறிய எழுத்து.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு கேமிங் லேப்டாப் வாங்கினேன். என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. உபுண்டு 24.04 போட்டேன். பென்டிரைவில் "சேஃப் கிராபிக்ஸ்" என்ற வரியைத் தேர்ந்தெடுத்தபோது திரை ஒழுங்காக வந்தது. இன்ஸ்டால் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் லோகோ வருகிறது, அப்புறம் ஒரே இருட்டு. மூன்று முறை மறுபடி இன்ஸ்டால் செய்து பார்த்துவிட்டேன். கார்டு போய்விட்டதா?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: கார்டு போகவில்லை. நான்காவது முறை இன்ஸ்டால் செய்யாதீர்கள், முப்பது முறை செய்தாலும் இதே இருட்டுதான் வரும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அதே டிரைவர்தான் (கார்டை இயக்குகிற நிரல்) உள்ளே போய் உட்காருகிறது. உங்கள் நோய்க்கான சோதனையை நீங்களே செய்து முடித்துவிட்டீர்கள்: சேஃப் கிராபிக்ஸில் வந்தது, சாதாரணமாக வரவில்லை. அப்படியென்றால் கார்டும் திரையும் நலம், டிரைவரில்தான் சிக்கல்.

நடப்பது இதுதான். பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் படம் காட்டுவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்கிற நிரல். சில நொடிகளில் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் வந்து "தள்ளிக்கோ, இனி நான் பார்த்துக்கறேன்" என்று திரையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, எத்தனை புள்ளிகள், நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்க வேண்டும் என்பதையெல்லாம் தானே அமைக்கிறது. இந்தக் கைமாற்றத்தில்தான் உங்கள் லேப்டாப் இடறுகிறது. அப்போது வேலைக்கு வருவது நூவோ என்கிற திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிற) டிரைவர். என்விடியா நிறுவனம் பல வருடங்கள் தன் கார்டுகளின் உள் விவரங்களை வெளியே விடவில்லை. கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்று வெளியிலிருந்து நோட்டம் பார்த்துப் பார்த்தே எழுதிய டிரைவர் அது. அந்த அளவுக்கு அது ஓடுவதே பெரிய விஷயம் என்பது என் கட்சி. 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மேடையிலேயே என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டினாரே, அந்தக் கோபத்தின் பின்னணி இந்தக் கதைதான். 2022 மே மாதம் என்விடியா தன் கர்னல் பகுதி நிரல்களைத் திறந்து வெளியிட்டது, அதற்குப் பிறகு நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் முதல் பூட்டில் வரும் இருட்டு இன்னும் சில கணினிகளை விட்டபாடில்லை.

சரி, வேலைக்கு வருவோம். கணினியை ஆன் செய்து, தயாரிப்பாளரின் லோகோ மறைகிற நேரத்தில் எஸ்கேப் பட்டனை ஒரே ஒரு தட்டு தட்டுங்கள். பதற்றத்தில் படபடவென்று தட்டினால் மெனுவைத் தாண்டிப் போய், "க்ரப்" என்ற ஒற்றைச் சொல் மட்டும் காத்துக்கொண்டிருக்கும் கறுப்புப் பக்கத்தில் நிற்பீர்கள். அப்படி ஆனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஆஃப் செய்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். மெனுவில் உபுண்டு என்ற முதல் வரியின்மேல் நின்று 'இ' எழுத்தை அழுத்தினால் புரியாத பத்துப் பதினைந்து வரிகள் வரும். "லினக்ஸ்" என்ற சொல்லில் தொடங்குகிற வரியைத் தேடுங்கள். நீளமான வரி என்பதால் மடிந்து கீழே இறங்கியிருக்கும், மடிகிற ஓரத்தில் ஒரு சாய்கோடு தெரியும், அது வரியின் பகுதி அல்ல. அந்த வரியில் "க்வயட் ஸ்ப்ளாஷ்" என்ற இரண்டு சொற்களுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் என்று சேர்த்துத் தட்டுங்கள். நோ, மோட், செட் மூன்றும் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். அதற்குப் பின்னால் டாலர் குறியோடு ஏதாவது இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். எஃப்10-ஐ அழுத்தினால் பூட் ஆகும்.

திரை வரும், ஆனால் ஐகான்கள் எல்லாம் தடித்தடியாக, பார்க்க அசிங்கமாக இருக்கும். பயப்பட வேண்டாம். நோமோட்செட் என்பது கர்னலிடம் "திரையை நீ தொடாதே, ஃபர்ம்வேர் கொடுத்ததை வைத்துக்கொண்டு ஓட்டு" என்று சொல்வது, அவ்வளவுதான். கால் முறிந்தவருக்குக் கொடுக்கிற கக்கத்துக் கட்டை மாதிரி. அதை ஊன்றிக்கொண்டு நேராக "அடிஷனல் டிரைவர்ஸ்" என்ற செயலிக்குப் போங்கள் (வைஃபை வரவில்லையென்றால் போனை யுஎஸ்பி கேபிளில் செருகி இணையத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள்). பட்டியலில் என்விடியா டிரைவர்கள் நான்கைந்து தெரியும். "சர்வர்" என்று முடிகிறவற்றை விட்டுவிட்டு, பக்கத்தில் "டெஸ்டட்" என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுத்து அப்ளை செய்யுங்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட். இப்போது மெனுவில் எதையும் சேர்க்க வேண்டாம்; முன்பு சேர்த்தது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், தானாகவே போயிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. என்விடியாவின் தளத்துக்கே போய் டிரைவரை இறக்கி நிறுவச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், விண்டோஸில் அது சரி, இங்கே வேண்டாம். அப்படிப் போட்டால் அடுத்த கர்னல் அப்டேட் வந்த அன்று காலை அதே இருட்டில் மறுபடி எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

கேள்வி: உபுண்டு இன்ஸ்டால் செய்யும்போதே மூன்றாம் தரப்பு டிரைவர்களுக்கு டிக் போட்டேன். ஏதோ பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தேன். ரீஸ்டார்ட்டில் நீல நிறத்தில் ஒரு பக்கம் வந்தது, என்னவோ ஏதோ என்று "கன்டின்யூ பூட்" கொடுத்துவிட்டேன். இப்போது என்விடியா டிரைவர் இருப்பதாகக் காட்டுகிறது, ஆனால் வேலை செய்யவில்லை. எச்டிஎம்ஐ-யில் புரொஜெக்டரும் வரவில்லை, பாடம் எடுக்க முடியவில்லை.
— பள்ளி ஆசிரியர், காரைக்குடி

பதில்: ஐயா, அந்த நீலப் பக்கத்தில்தான் எல்லாம் இருந்தது. உங்கள் கணினியில் செக்யூர் பூட் ஆனில் இருக்கிறது. கையெழுத்து இல்லாத எந்த டிரைவரையும் கர்னலுக்குள் விடமாட்டேன் என்று அது வாசலில் நிற்கிறது. உபுண்டு ஒரு சாவியை உருவாக்கி, அதனால் டிரைவரில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டது. ஆனால் அந்தச் சாவி உங்களுடையதுதான் என்று கணினி முன்னால் உட்கார்ந்து நீங்களே ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் நீலப் பக்கம். அது சில நொடிகள்தான் காத்திருக்கும், காபி எடுக்கப் போனால் போச்சு.

மறுபடி அதை வரவழைக்கலாம். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டுகிற செயலி) "சூடோ மோக்யூட்டில் --இம்போர்ட் /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/மோக்/மோக்.டெர்" என்று தட்டுங்கள், கடைசியில் வரும் கோப்பின் பெயரில் மட்டும் மோக் என்பதன் மூன்று எழுத்தும் பெரிய எழுத்து. புதிதாக ஒரு பாஸ்வேர்ட் கேட்கும், இரண்டு முறை கொடுத்து ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் செய்ததும் நீலப் பக்கம் வரும். ஏதாவது ஒரு பட்டனை உடனே தட்டிவிட்டு, "என்ரோல் மோக்", பிறகு "கன்டின்யூ", பிறகு "யெஸ்", பிறகு அந்தப் பாஸ்வேர்ட், கடைசியில் ரீபூட். தட்டுகிற எழுத்து திரையில் தெரியாது, தெரியவில்லையே என்று இரண்டு முறை தட்டிவிடாதீர்கள்.

பயாஸுக்குள் (கணினி ஆன் ஆகும்போது திறக்கிற அமைப்புப் பக்கம்) போய் செக்யூர் பூட்டையே அணைத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லைதான், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அதே லேப்டாப்பில் விண்டோஸும் வைத்திருந்து, அதில் வட்டைப் பூட்டிவைக்கிற பிட்லாக்கர் போட்டிருந்தால், அணைத்த மறுநிமிடம் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கையை வையுங்கள்.

புரொஜெக்டர் விஷயம்: இரண்டு கிராபிக்ஸ் உள்ள பல லேப்டாப்களில் உள்திரை இன்டெல்லோடும் எச்டிஎம்ஐ துளை என்விடியாவோடும் இணைக்கப்பட்டிருக்கும். அதனால்தான் திரை வருகிறது, புரொஜெக்டர் வரவில்லை. சாவி ஏறி டிரைவர் எழுந்துவிட்டால் அதுவும் சேர்ந்தே வந்துவிடும்.

கேள்வி: அச்சகத்தில் உள்ள பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டோம். மானிட்டர் 1920 x 1080. ஆனால் செட்டிங்ஸில் 1024 x 768-க்கு மேல் காட்டவே இல்லை. வட்டம் போட்டால் முட்டை மாதிரி தெரிகிறது. லினக்ஸ் இந்த மானிட்டருக்கு ஒத்துவராதா?
— வாசகர், சிவகாசி

பதில்: வட்டம் முட்டையாகத் தெரிகிற திரையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பகீரென்கிறது. நீங்கள் எழுதவில்லை என்றாலும் சொல்கிறேன், உங்கள் மானிட்டர் நீலத் தலை உள்ள விஜிஏ கேபிளில்தானே இருக்கிறது?

ஒவ்வொரு மானிட்டரும் தன்னைப் பற்றிய ஒரு சின்ன ஜாதகத்தைக் கணினிக்குச் சொல்லும்: நான் இன்ன மாடல், எனக்கு இன்னின்ன அளவு ஒத்துக்கொள்ளும் என்று. விஜிஏ கேபிளில் அந்தத் தகவல் 12, 15 ஆகிய இரண்டு ஊசிகள் வழியாகப் போகிறது. விலை குறைந்த கேபிள்களில் அந்த ஊசி இருக்காது, அல்லது செருகிச் செருகி வளைந்திருக்கும். படம் மட்டும் வரும், ஜாதகம் வராது. ஜாதகம் இல்லாத மாப்பிள்ளைக்கு கர்னல் ரிஸ்க் எடுக்காமல் 1024 x 768-ஐக் கட்டிவைத்துவிடும். நடுவில் எச்டிஎம்ஐ-யை விஜிஏ ஆக்குகிற மாற்றி இருந்தாலோ, இரண்டு கணினிக்கு ஒரு மானிட்டர் என்று ஸ்விட்ச் பெட்டி இருந்தாலோ அங்கேயும் இதே கதை நடக்கலாம்.

அதனால் முதல் வேலை, டெர்மினலைத் திறப்பதல்ல. கேபிளைக் கழற்றி ஊசிகளை எண்ணிப் பாருங்கள், வேறொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். மானிட்டரில் எச்டிஎம்ஐ இருந்தால் அதற்கே மாறிவிடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கேபிள் அந்தக் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டில் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுவதும் டிரைவரைப் போட்டும் எடுத்தும் மல்லுக்கட்டிவிட்டு, இரவு எட்டு மணிக்கு மேஜைக்கடியில் குனிந்து பார்த்தபோதுதான் கேபிள் மதர்போர்டில் இருப்பதைக் கண்டுபிடித்த ஆள் நான்.

வேறு கேபிள் கிடைக்காத ஊரில் மாட்டிக்கொண்டால் ஜாதகத்தை நாமே எழுதலாம். டெர்மினலில் வெறும் "எக்ஸ்ரேண்டர்" என்று தட்டினால் எந்தத் துளையில் மானிட்டர் இருக்கிறது என்று காட்டும், பெரும்பாலும் விஜிஏ-1 என்று இருக்கும் (இதில் விஜிஏ மட்டும் பெரிய எழுத்து). அடுத்து "சிவிடி 1920 1080". "மோட்லைன்" என்ற சொல்லில் தொடங்கி நீளமாக எண்கள் வரும். அந்தச் சொல்லை விட்டுவிட்டு மீதி முழுவதையும் காப்பி செய்து, "எக்ஸ்ரேண்டர் --நியூமோட்" என்று தட்டி அதன் பின்னால் ஒட்டி என்டர். பிறகு "எக்ஸ்ரேண்டர் --ஆட்மோட் விஜிஏ-1" என்று தட்டி, மேற்கோள் குறிக்குள் இருந்த அந்த அளவின் பெயரை ஒட்டுங்கள். செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் புது அளவு வந்திருக்கும். கணினியை அணைத்தால் இது மறந்துபோகும். நிரந்தரமாக வேண்டுமென்றால் இந்த இரண்டு கட்டளைகளையும் "ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ்" பகுதியில் சேர்த்துவையுங்கள். (உங்களிடம் இருப்பது 1366 x 768 மானிட்டராக இருந்திருந்தால் சிவிடி 1368 என்று காட்டியிருக்கும். அது எட்டால் வகுபடுகிற அகலத்தைத்தான் கணக்கில் எடுக்கும், உங்கள் தட்டச்சில் தவறு இருக்காது.)

கேள்வி: மின்ட் போட்ட லேப்டாப் ஆன் ஆகிறது, வரவேற்புச் சத்தம்கூடக் கேட்கிறது, திரை மட்டும் கும்மிருட்டு.
— வாசகி, தேனி

பதில்: அறை விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சைத் திரையின்மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் படம் இருக்கிறது, பின்னால் எரிய வேண்டிய பேக்லைட்தான் எரியவில்லை. முதலில் வெளிச்சம் கூட்டுகிற பட்டனை எஃப்என் பட்டனோடு சேர்த்து நான்கைந்து முறை அழுத்துங்கள், சில சமயம் பூஜ்யத்தில் போய் நின்றிருக்கும். அதற்கும் மசியாவிட்டால் மேலே திருநெல்வேலி வாசகிக்குச் சொன்ன அதே 'இ' வழியில் (மின்டில் மெனு தானாக வராவிட்டால் எஸ்கேப்தான்) நோமோட்செட்டுக்குப் பதிலாக "ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ்" என்று சேர்த்துப் பாருங்கள், நடுவில் இருப்பது அடிக்கோடு. அது ஒத்துவரவில்லையென்றால் நேட்டிவ் இருந்த இடத்தில் வெண்டர். டார்ச் அடித்தும் ஒன்றுமே தெரியவில்லையென்றால் உங்கள் பிரச்சினை வேறு, முதல் பதிலுக்குப் போங்கள்.

கேள்வி: இன்டெல் கிராபிக்ஸ் உள்ள சாதாரண லேப்டாப். உபுண்டு போட்டபோது ஒரு வீடியோவைப் பார்த்து நோமோட்செட்டை நிரந்தரமாகச் சேர்த்துவிட்டேன். அதிலிருந்து ஃபேன் ஓயாமல் கத்துகிறது, யூடியூப் விட்டுவிட்டு ஓடுகிறது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியவில்லை.
— வாசகர், வேலூர்

பதில்: கக்கத்துக் கட்டையைக் காலோடு வைத்துத் தைத்துவிட்டீர்கள். இந்த வீடியோக்காரர்கள்மேல் எனக்கு இருக்கிற ஒரே வருத்தம், போடச் சொல்கிறவர்கள் எடுக்கச் சொல்வதில்லை.

செட்டிங்ஸில் "அபவுட்" பக்கத்தில் கிராபிக்ஸ் என்ற இடத்தைப் பாருங்கள். இன்டெல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எல்எல்விஎம்பைப்" என்று இருந்தால் கிராபிக்ஸ் சிப் சும்மா உட்கார்ந்திருக்கிறது, ஒவ்வொரு புள்ளியையும் பிராசசரே வரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஃபேன் கத்தாமல் என்ன செய்யும். "சூடோ நானோ /இடிசி/டிஃபால்ட்/க்ரப்" என்று தட்டித் திறந்து, க்வயட் ஸ்ப்ளாஷ் இருக்கிற வரியில் நோமோட்செட் என்ற சொல்லை மட்டும் நீக்குங்கள், மேற்கோள் குறிகள் இரண்டும் அப்படியே இருக்கட்டும். கன்ட்ரோலும் 'ஓ'-வும், ஒரு என்டர், பிறகு கன்ட்ரோலும் 'எக்ஸ்'-உம். வெளியே வந்து "சூடோ அப்டேட்-க்ரப்", ரீஸ்டார்ட்.

நீக்கிய பிறகு திரை வராமல் போனால் 'இ' வழியில் ஒருமுறை மட்டும் சேர்த்து உள்ளே வந்து, கர்னலை அப்டேட் செய்யுங்கள். கணினி புதிது, கர்னல் பழையது என்றால் அந்தச் சிப்பையே அதற்குத் தெரிந்திருக்காது. திரை வந்து, ஆனால் விட்டுவிட்டு மினுக்குகிறது என்றால் அதே இடத்தில் "ஐ915.இனேபிள்_பிஎஸ்ஆர்=0" என்று சேர்த்துப் பாருங்கள். படம் மாறாதபோது மின்சாரம் மிச்சம் பிடிக்க லேப்டாப் திரை செய்கிற ஒரு தந்திரத்தை இது நிறுத்தும். இதை நிரந்தரமாக வைத்தாலும் கெடுதல் இல்லை, பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும்.

கேள்வி: ஏஎம்டி ரேடியான் கார்டு உள்ள கணினியில் டெபியன் 11 போட்டேன். எழுத்துகள் ஓடிவிட்டு நடுவில் திரை அணைந்துவிடுகிறது. ஏஎம்டி என்றால் லினக்ஸில் பிரச்சினையே வராது என்று சொன்னார்களே?
— வாசகர், திருச்சி

பதில்: சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, பாதி சொன்னார்கள். டிரைவர் கர்னலோடே வருகிறது, ஆனால் கார்டு எழுந்திருக்க ஃபர்ம்வேர் கோப்புகளும் வேண்டும். அவை திறமூலம் அல்ல என்பதால் டெபியன் நீண்ட காலம் அவற்றைத் தன் அதிகாரபூர்வ இன்ஸ்டால் வட்டில் சேர்க்கவில்லை. 2022-இல் உறுப்பினர்களிடையே ஓட்டெடுப்பு வைத்து, 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்துதான் சேர்த்தார்கள். அந்தப் பழைய பென்டிரைவை அழித்துவிட்டு 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-ஐ ஏற்றிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் நான் மறு இன்ஸ்டால் செய்யச் சொல்கிற ஒரே ஆள் நீங்கள்தான்.

கேள்வி: திரை சரியில்லை. என்ன செய்யலாம்?
— பெயரும் ஊரும் இல்லாத ஓர் அஞ்சலட்டை

பதில்: மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தால் எப்படி? திரை ஏதோ வருகிறது என்றால் டெர்மினலில் "எல்எஸ்பிசிஐ -கே" என்று தட்டுங்கள். வரும் நீளமான பட்டியலில் விஜிஏ அல்லது 3டி என்ற சொல் உள்ள வரியையும், அதற்குக் கீழே "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்று தொடங்கும் வரியையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். அந்தக் கீழ்வரி அங்கே இல்லவே இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள், அதுவே பாதி விடை. எந்த லினக்ஸ், எத்தனையாவது பதிப்பு, மானிட்டர் எந்தக் கேபிளில் இருக்கிறது, இன்ஸ்டால் செய்த அன்றிலிருந்தே இப்படியா, ஓர் அப்டேட்டுக்குப் பிறகு இப்படியா என்பதும் வேண்டும். கோடு கோடாகவோ நிறம் மாறியோ தெரிந்தால் ஃபிளாஷ் போடாமல் ஒரு புகைப்படமும் எடுத்து வையுங்கள். வெறும் கறுப்பாக இருந்தால் புகைப்படம் வேண்டாம், நம்புகிறேன்.